ஊர்மீள் முயற்சியாளர்: ஒரு சொல் விளக்கம்

வெளிநாட்டில் பிறந்தோ வளர்ந்தோ, பெற்றோரின் அல்லது பாட்டன் பாட்டியின் மண்ணுக்கு வந்து அங்கே தொழில் தொடங்கும் இளையோரை ஆங்கிலத்தில் ‘டயஸ்போரா ஆந்த்ரப்ரனர்’ என்பார்கள். தமிழில் ‘புலம்பெயர் தொழில்முனைவோர்’ என்று எழுதுகிறோம். இலங்கை மலையகத்தின் அப்புத்தளையில் விருந்தினர் விடுதி நடத்தவும், கையால் உருட்டிய தேயிலையைப் பொதிசெய்து அனுப்பவும், அட்டனில் கணினி வேலைக்கு ஓர் அலுவலகம் திறக்கவும் வருகிற ஒருவரை இத்தொடரால் அழைக்கும்போது, அவர் குடும்பம் புறப்பட்டுப் போனது மட்டும் சொல்லப்படுகிறது; அவர் வந்தது சொல்லப்படுவதில்லை. மலையகத்தில் இந்தக் குறை இன்னும் ஆழமானது என்பதால் இத்தொடரின் ஒவ்வொரு சொல்லையும் தனித்தனியே பார்த்து, அதற்கு மாற்றாக ‘ஊர்மீள் முயற்சியாளர்’ என்பதை முன்வைக்கிறேன்.

‘டயஸ்போரா’ கிரேக்கச் சொல். விதைத்தல், சிதறவிடுதல் என்னும் பொருள் தரும் வினையிலிருந்து பிறந்தது. எபிரேயத் திருமறையைக் கிரேக்கத்தில் பெயர்த்தவர்கள், யூதர்கள் பல நாடுகளுக்குச் சிதறடிக்கப்படுவதைக் குறிக்க இதைக் கையாண்டார்கள். அதனால் நெடுங்காலம் இச்சொல்லில் தண்டனையின், இழப்பின் நிழல் இருந்தது. இருபதாம் நூற்றாண்டில்தான் அது பிறந்த மண்ணுக்கு வெளியே வாழும் எந்த மக்கள் கூட்டத்துக்கும் பொதுச் சொல்லாக விரிந்தது.

இதற்கு ஈடாக நாம் வழங்கும் ‘புலம்பெயர்’ நேற்று ஆக்கிய சொல் அன்று. புலம் என்பதற்கு வயல், இடம், திசை, அறிவு எனப் பல பொருள்கள் உண்டு; இங்கே அது வாழிடத்தைக் குறிக்கிறது. காவிரிப்பூம்பட்டினத்தைப் பாடும் பட்டினப்பாலை, ‘மொழிபல பெருகிய பழிதீர் தேஎத்துப் புலம்பெயர் மாக்கள் கலந்தினிது உறையும்’ நகர் என்று அதைப் புகழ்கிறது. சிலப்பதிகாரமும் ‘கலந்தரு திருவின் புலம்பெயர் மாக்கள்’ என்று அதே நகரத்து மக்களைக் காட்டுகிறது. கலம் தரும் திரு என்றால் கப்பல் வழியே வரும் செல்வம். ஆக, நம் இலக்கியத்தில் புலம்பெயர்ந்தோர் கடல் கடந்து வணிகம் செய்ய வந்து, பிறரோடு கலந்து இனிதாக வாழ்ந்தவர்கள். கிரேக்கச் சொல் துயரத்தோடு பிறந்தது. தமிழ்ச்சொல்லோ வணிகத்தோடு வளர்ந்தது. 1983க்குப் பிந்திய ஈழத்து எழுத்துதான் அதில் அகதி வாழ்வின் வலியை ஏற்றியது. நாட்டுக்குள்ளேயே துரத்தப்பட்டவரை ‘இடம்பெயர்ந்தோர்’ என்றும், நாடு கடந்தவரைப் ‘புலம்பெயர்ந்தோர்’ என்றும் பிரித்து வழங்கும் ஈழத்து வழக்கு மிகத் துல்லியமானது. அதைக் கலைத்துவிடக் கூடாது.

அடுத்த சொல்லைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ‘ஆந்த்ரப்ரனர்’ பிரெஞ்சில் ‘மேற்கொள்’ என்னும் வினையிலிருந்து வந்தது. தெரிந்த விலைக்கு வாங்கித் தெரியாத விலைக்கு விற்கும் துணிவை ஏற்பவர் என்று அதைப் பொருளியல் சொல்லாக்கியவர் ரிச்சர்ட் காந்தியோன். அவருடைய நூல் 1755இல் வெளிவந்தது. தமிழ்நாட்டார் ‘தொழில்முனைவோர்’ என்கிறார்கள். இலங்கைப் பாடநூல்களில் ‘முயற்சியாளர்’, ‘முயற்சியாண்மை’ என்ற சொற்கள் நிலைபெற்றுள்ளன. நான் இலங்கை வழக்கையே ஏற்பேன். திருவள்ளுவர் தாளாண்மை, வேளாண்மை என்று ஒரே குறளில் அடுத்தடுத்து வைத்த சொற்களின் வார்ப்பிலேயே முயற்சியாண்மையும் அமைந்திருக்கிறது. நம் பிள்ளைகள் பள்ளியில் படித்த சொல்லை விட்டுவிட்டு வேறொன்றைத் தேட வேண்டியதில்லை.

மூதாதையர் நாடு என்னும் கருத்துக்குத் ‘தாயகம்’ என்று எழுதும் இடத்தில்தான் மலையகத்தில் பேனா தயங்க வேண்டும். வடக்கிலும் கிழக்கிலும் அச்சொல் தடையின்றிப் பொருந்தும். தமிழ்நாட்டிலிருந்து தோட்ட வேலைக்கு வந்தவர்களின் வழிவந்த மலையகத் தமிழருக்கோ அது ஓர் அரசுக் கோப்பின் சொல். 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் அவர்களில் பெரும்பான்மையினரை நாடற்றவர்களாக்கியது. 1964இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேரை 1974இல் இரு நாடுகளும் பாதி பாதியாகப் பிரித்துக்கொண்டன. அவ்வாறு கப்பலேறியவர்களைத் தமிழ்நாட்டு அரசு ‘தாயகம் திரும்பியோர்’ என்று பதிவு செய்தது. அவர்களில் எத்தனையோ பேர் தோட்டத்து லயத்தில் (தொழிலாளரின் வரிசை வீடுகளில்) பிறந்து, கொழுந்து பறித்து, அந்தக் கரையை அதற்கு முன் கண்ணால் பார்த்திராதவர்கள். நீலகிரியில் இறங்கிய பிறகு அங்கிருந்தோர் அவர்களைச் ‘சிலோன்காரர்’ என்றார்கள். பிறந்த மண்ணை விட்டுப் பிரிந்ததற்குத் ‘திரும்புதல்’ என்று பெயர் வைத்த அநீதி அந்தச் சொல்லில் இன்னும் இருக்கிறது. அதே சொல்லை, நோர்வேயிலிருந்தோ கனடாவிலிருந்தோ நுவரெலியாவுக்கு வரும் ஒரு பேரப்பிள்ளைக்குச் சூட்ட எனக்கு மனம் வரவில்லை.

இன்னொரு வேறுபாடும் உண்டு. யாழ்ப்பாணத்துக்குத் திரும்பும் ஒருவருக்குப் பெரும்பாலும் பாட்டனின் வீட்டு வளவோ உறுதிப் பத்திரம் எழுதிய காணியோ ஏதேனும் இருக்கும். மலையகத்தில் பாட்டன் விட்டுச்சென்றது ஒரு லயத்து அறையின் நினைவு. தோட்டக் காணி அரசுக்குரியது. 1992 முதல் அதைப் பெருந்தோட்டக் கம்பனிகள் குத்தகைக்கு வைத்திருக்கின்றன. வெளிநாட்டுக் குடியுரிமை மட்டும் கொண்டவர் காணி வாங்குவதை 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டம் தடுப்பதால், பேரப்பிள்ளை இரட்டைக் குடியுரிமை பெறாதவரை சட்டத்தின் பார்வையில் வெளிநாட்டவரே. அவர் குத்தகைக்கு எடுத்துத்தான் தொழிலைத் தொடங்க வேண்டும். மூதாதையர் உழைத்த மண், ஆனால் மூதாதையருக்குச் சொந்தமாகாத மண். இந்த உறவைத் ‘தாயகம்’, ‘பூர்வீகக் காணி’ ஆகிய சொற்கள் சுமக்கமாட்டா.

‘ஊர்’ சுமக்கும். மலையகத்து மூத்தோர் ‘ஊர்’ என்றால் திருச்சியோ புதுக்கோட்டையோ பக்கத்துக் கிராமத்தைச் சொல்வார்கள். அங்கிருந்தோர் இலங்கை மலைநாட்டைக் ‘கண்டிச் சீமை’ என்றார்கள். கொழும்பில் வேலை செய்யும் அடுத்த தலைமுறைக்கு ஊர் என்பது பண்டாரவளை, தலவாக்கலை, பொகவந்தலாவை. தலைமுறைதோறும் இடம் மாறினாலும் சொல் மாறவில்லை. எது தன் ஊர் என்பதை அரசு அன்று, அவரவரே முடிவு செய்யும் சுதந்திரம் அதில் இருக்கிறது. ‘மீள்’ என்பதோ மீள்குடியேற்றம் போன்ற சொற்களால் இலங்கைத் தமிழருக்கு நன்கு பழகியது. இவ்விரண்டையும் முயற்சியாளரோடு சேர்த்து ‘ஊர்மீள் முயற்சியாளர்’ என்று எழுதலாம் என்பது என் பரிந்துரை. அவர்கள் நடத்தும் தொழில் ‘ஊர்மீள் முயற்சி’.

வெளிநாட்டிலேயே இருந்துகொண்டு பணம் மட்டும் அனுப்புபவருக்கு இச்சொல் பொருந்தாது. அவர் புலம்பெயர் முதலீட்டாளர். மத்திய கிழக்கில் வீட்டுப் பணிப்பெண்ணாக ஆண்டுக்கணக்கில் உழைத்து, சேர்த்த பணத்தோடு தோட்டத்துக்குத் திரும்பி, தொழிலாளர் காலையில் வேலைக்குக் கூடும் பெரட்டுக்களத்துக்கு எதிரே ஒரு சிறு கடையோ தையல் நிலையமோ திறக்கும் பெண்ணுக்கு இது முழுமையாகப் பொருந்தும். அவரை ‘டயஸ்போரா ஆந்த்ரப்ரனர்’ என்று யாரும் எழுதியதை நான் கண்டதில்லை.