அனலாக் சிந்த் வாங்கிவிட்டு டோன் தேடுகிறவர்களுக்கு

"அண்ணா, இதுக்கு இந்தியன் டோன்ஸ் எங்க கிடைக்கும்?" புதிதாக அனலாக் சிந்தசைசர் வாங்கியவர்கள் என்னிடம் முதலில் கேட்பது பெரும்பாலும் இதைத்தான். பெங்களூரில் அல்சூர், விவேக்நகர், ராமமூர்த்திநகர் பக்கத்து மெல்லிசைக் குழுக்களில் கீபோர்டு வாசிக்கிற பிள்ளைகள் இவர்கள். இத்தனை காலம் பென்டிரைவில் டோன் (அதாவது தயார் செய்த ஒலி) ஏற்றியே பழகிய கை, வேறு எதைக் கேட்கும்?

அவர்கள் வாசித்துப் பழகிய கீபோர்டில் நாதஸ்வரம், தவில், தபலா எல்லாம் ஏற்கெனவே பதிவு செய்த ஒலிகளாக உள்ளே இருக்கும். அனலாக் சிந்த்தில் எந்தப் பதிவும் கிடையாது. ஆசிலேட்டர் ஒரு மின் அலையை உண்டாக்குகிறது, ஃபில்டர் அதில் கொஞ்சத்தை வெட்டுகிறது, ஒலி எப்படி எழுந்து எப்படி அடங்க வேண்டும் என்பதை என்வலப் தீர்மானிக்கிறது. இவற்றையெல்லாம் அமைப்பது முகப்பில் இருக்கும் நாப்களால், அதாவது திருகுகளால். ப்ரீசெட் (சேமித்து வைத்த டோன்) என்பது அந்த நாப்கள் எந்த நிலையில் இருந்தன என்ற குறிப்பு மட்டும்தான். அதனால் ஒரு மாடலுக்குச் செய்த டோன் இன்னொரு மாடலில் ஏறாது. வாட்ஸ்அப்பில் யாரோ விற்கிற பேக்கை மாடல் பெயர் பார்க்காமல் வாங்கினால் காசு போனதுதான். தபலா டோன் கேட்பவருக்கு நான் சொல்லும் பதில் இன்னும் சுருக்கம்: அதில் தபலா இல்லை, தம்பி.

1970இல் வந்த மினிமூக் என்ற அனலாக் சிந்த்தில் நினைவகமே கிடையாது. வாசித்தவர்கள் நாப்களின் நிலையைக் காகிதத்தில் குறித்து வைத்துக்கொண்டார்கள். 1978இல் வந்த ப்ராஃபெட்-5 சிந்த்தான் மைக்ரோபிராசசர் வைத்து, நாப்களின் நிலையைச் சேமித்து ஒரு பட்டனில் திரும்பக் கொண்டுவந்தது. 1983இல் யமஹா டிஎக்ஸ்7 வந்தது. அது அனலாக் அல்ல, டிஜிட்டல். சின்னத் திரையையும் பட்டன்களையும் வைத்துக்கொண்டு அதில் ஒலி அமைப்பது பெரிய தலைவலி, ஆகவே கம்பெனி கொடுத்த டோன்களையே உலகம் முழுக்க வாசித்தார்கள். டோன் தேடும் பழக்கம் வேரூன்றியது அங்கேதான் என்பது என் எண்ணம். அந்தக் கருவிக்கு அந்தப் பழக்கம் சரி. முக்கியமான ஒவ்வொன்றுக்கும் ஒரு நாப் முகத்துக்கு நேரே நிற்கிற கருவியில் அது ஏன்?

கம்பெனி ப்ரீசெட்டில் இன்னொரு சங்கதி உண்டு. அது கடையில் தனியாக வாசித்துப் பார்க்கிறவரை மயக்குவதற்காகச் செய்தது. டிலே (எதிரொலி) நிறைய, ரிலீஸ் (விரலை எடுத்த பிறகு ஒலி அடங்கும் நேரம்) நீளம், ஃபில்டர் அகலத் திறந்திருக்கும். ஹெட்ஃபோனில் கேட்டால் அள்ளும். பேஸ் கிடாரும் ரிதம் பேடும் சேர்ந்த மேடையில் அதே டோன் சேறாகிவிடும், பாடுகிறவர் குரல் உள்ளே புதைந்துவிடும். தெரிந்தவர் ரிலீஸைக் குறைப்பார், கட்ஆஃபை (ஃபில்டர் வெட்டத் தொடங்கும் இடத்தை) கொஞ்சம் மூடுவார், டிலேயை நிறுத்துவார், ஒரே டோன் உட்கார்ந்துவிடும். தெரியாதவர் அடுத்த டோனுக்குப் போவார், அதற்கடுத்ததற்குப் போவார். கோர்க் மினிலாக் என்ற அனலாக் சிந்த்தில் டோன் வைக்க 200 இடங்கள் இருக்கின்றன. சவுண்ட் செக்குக்கு நமக்குக் கிடைக்கிற நேரம் எவ்வளவு என்பது குழுவில் வாசிப்பவர்களுக்குத் தெரியும்.

அல்சூர் பூப்பல்லக்கு சமயத்தில் அம்மன் பாட்டுக்கு நாதஸ்வரச் சாயலில் ஒரு லீட் வேண்டும் என்று கேட்டு வருவார்கள். எதுவும் அமைக்காத வெறும் இனிஷியல் புரோகிராமிலிருந்து தொடங்கச் சொல்வேன். அலை சாடூத்தாக (ரம்பப் பல் வடிவம்) இருக்கட்டும். நாதஸ்வரக் குழல் கூம்பு வடிவம், அதனால் அதில் ஒற்றை, இரட்டை ஹார்மோனிக்குகள் (மூல ஒலியின் மடங்குகளாக எழும் துணை ஒலிகள்) இரண்டுமே உண்டு. சாடூத்திலும் அப்படித்தான். கிளாரினெட் நேர்க்குழல், அதில் ஒற்றைப்படை ஓங்கி நிற்கும், அதற்கு ஸ்கொயர் அலை பொருந்தும். இரண்டாவது ஆசிலேட்டரைக் கொஞ்சமே கொஞ்சம் சுருதி விலக்குங்கள். கட்ஆஃப் பாதி, ரெசொனன்ஸ் (கட்ஆஃப் இடத்து ஒலியை எடுப்பாக்குவது) சிறிது. ஃபில்டர் என்வலப்பில் அட்டாக் (எழும் நேரம்) வேகமாகவும் சஸ்டெய்ன் (அழுத்தியிருக்கும்போது நிற்கும் அளவு) நடுத்தரமாகவும் வைத்தால், சீவாளியில் காற்று பிடிக்கும்போது வரும் அந்த முதல் கடி கிடைக்கும். வால்யூம் என்வலப்பில் சஸ்டெய்ன் முழுக்க, ரிலீஸ் குட்டை.

இனிமேல்தான் உயிர். வாய்ஸை மோனோவுக்கு (ஒரு நேரத்தில் ஒரே சுரம்) மாற்றி, போர்ட்டமென்டோவை (சுரத்திலிருந்து சுரத்துக்கு வழுக்குவதை) மிகக் குறைவாக வையுங்கள். அடுத்து பிட்ச் பெண்ட் அளவு, அதாவது பக்கத்து வீலை ஆட்டினால் சுரம் எவ்வளவு தூரம் நகரும் என்பது. பெரும்பாலும் 2 அரைச்சுரத்தில்தான் இருக்கும். தோடியின் காந்தாரம் ரிஷபத்துக்கும் மத்தியமத்துக்கும் இடையே ஆடுவது. காந்தாரத்தை அழுத்திக்கொண்டு வீலை இரு பக்கமும் ஆட்டுகிறவருக்கு 2 போதும். ரிஷபத்திலிருந்து மேலே இழுத்து வாசிக்கிறவருக்கு 4 வேண்டும். உங்கள் கை எந்த வகை என்று எந்த டோன் பேக்குக்கும் தெரியாது. (இவ்வளவு செய்தும் அது நாதஸ்வரம் ஆகிவிடாது. நாதஸ்வரமே வேண்டுமென்றால் வித்வானுக்குச் சம்பாவனை கொடுத்துக் கூப்பிடுவதுதான் முறை.)

மும்பை இசைக்கலைஞர் சரண்ஜித் சிங் 1982இல் ராகங்களை வாசித்துப் பதிவு செய்தபோது பயன்படுத்திய ரோலண்ட் டிபி-303 என்ற சின்ன பேஸ் சிந்த்தில் சுர வரிசையைத்தான் சேமிக்க முடியும், ஒலியைச் சேமிக்க வழியே இல்லை. கட்ஆஃப், ரெசொனன்ஸ், டிகே (ஒலி தணியும் நேரம்) என்று சில நாப்கள். அவ்வளவையும் கையால்தான் திருப்பியாக வேண்டும்.

ப்ரீசெட்டே தொடக்கூடாது என்று சொல்லவில்லை. ஒரே இரவில் வரிசையாகப் பழைய, புதிய பாட்டுகள் வாசிக்கிற நிகழ்ச்சியில் சேமித்த டோன் இல்லாமல் யாராலும் சமாளிக்க முடியாது. பாடமாகவும் அது நல்ல பொருள். பிடித்த டோனை எடுத்து, முதலில் டிலேயை அணையுங்கள். பிறகு எல்எஃப்ஓ (ஒலியை மெதுவாக ஆட்டும் அலை), பிறகு ரெசொனன்ஸ். ஒவ்வொன்றும் போகப் போக எது குறைகிறது என்று காது சொல்லும். ஒரு எச்சரிக்கை: சேமித்த டோனை அழைத்தால் முகப்பில் இருக்கும் நாப் நிலைக்கும் கேட்கிற ஒலிக்கும் சம்பந்தம் இருக்காது. மேடையில் தொட்டதும் ஒலி எகிறும். பல கருவிகளில் இதற்கு 'கேட்ச்' என்றொரு அமைப்பு உண்டு, சேமித்த அளவை நாப் தாண்டும்போதுதான் அது வேலை செய்யத் தொடங்கும். மேடைக்கு அதையே வையுங்கள்.

பழைய சிந்த் வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்கணும். பலவற்றில் உள்ளே இருக்கும் ஒரு பேட்டரிதான் டோன்களைக் காப்பாற்றுகிறது. அது தீர்ந்தால் எல்லாம் அழியும். எஸ்.பி. ரோட்டு எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் கொடுத்து மாற்றுவதற்கு முன் கம்ப்யூட்டரில் நகல் எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கு வழியில்லாத கருவி என்றால் ஒவ்வொரு நாப்பின் அளவையும் நோட்டில் எழுதுங்கள், பாட்டின் பெயரையும் சுருதியையும் பக்கத்திலேயே குறித்து.