தடுப்பூசி போட்டால் எச்.ஐ.வி. ஏறுமா?

வாசகர் ஒருவர் எழுதிக் கேட்டிருக்கிறார்: "பல வருடமாக ஏ.ஆர்.டி. (எச்.ஐ.வி.யைக் கட்டுப்படுத்தும் மருந்து) மாத்திரை எடுக்கிறேன். வைரல் லோடு (இரத்தத்தில் உள்ள வைரஸின் அளவு) கண்டறிய முடியாத அளவில்தான் இருக்கிறது. ஃப்ளூ ஊசி போடலாம் என்று நினைத்தால், 'ஊசி போட்டால் உள்ளே அடங்கிக் கிடக்கிற வைரஸ் கிளம்பிவிடும்' என்று என்னோடு மாத்திரை வாங்க வருகிற ஒருவர் பயமுறுத்துகிறார். உண்மையா?"

ஊசியைத் தாராளமாகப் போட்டுக்கொள்ளலாம். ஆனால் அந்த நண்பர் சொன்னதை வெறும் வதந்தி என்று தள்ளிவிடவும் முடியாது. அதில் பாதி உண்மை இருக்கிறது. அந்தப் பாதிக்குள் இருக்கும் உயிரியல் எனக்கு மிகவும் பிடித்தமானது, அதனால் கொஞ்சம் நீட்டியே எழுதுகிறேன்.

அடிப்படையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். எச்.ஐ.வி. நம் இரத்தத்தில் உள்ள சிடி4 செல்களுக்குள், அதாவது நோய் எதிர்ப்பை வழிநடத்தும் வெள்ளை அணுக்களுக்குள், நுழைகிறது. தன் ஆர்.என்.ஏ.வை டி.என்.ஏ.வாக மாற்றி, அந்தச் செல்லின் டி.என்.ஏ.வுக்குள்ளேயே செருகிக்கொள்கிறது. ஆரோக்கியமான ஒருவருக்கு ஒரு கன மில்லிமீட்டர் இரத்தத்தில் சுமார் 500 முதல் 1500 சிடி4 செல்கள் இருக்கும். 200-க்குக் கீழே போனால் மற்ற நோய்கள் எளிதாகத் தொற்றும். மாத்திரை ஒழுங்காக எடுத்தால் வைரஸ் பெருகுவது நின்று, எண்ணிக்கை மெல்ல ஏறும். ஆனால் செருகிக்கொண்ட டி.என்.ஏ. சில செல்களில் அப்படியே சத்தமில்லாமல் கிடக்கும். மாத்திரைகள் அதைத் தொடுவதில்லை.

சரி, தடுப்பூசி இதில் எங்கே வருகிறது? தடுப்பூசியின் வேலையே சிடி4 செல்களைக் கிளப்பிவிடுவதுதான். ஊசியில் உள்ள புரதத் துணுக்கை அடையாளம் காணும் சிடி4 செல், அதுவரை சும்மா இருந்தது, திடீரென்று பெருகத் தொடங்குகிறது. அதற்கு அந்தச் செல் நூற்றுக்கணக்கான மரபணுக்களை இயக்க வேண்டும். இயக்குவதில் முக்கியப் பங்கு என்.எஃப். கப்பா பி என்ற புரதத்துக்கு.

சும்மா இருக்கும் செல்லில் இந்தப் புரதம் உட்கருவுக்கு வெளியே இருக்கும். ஐ கப்பா பி என்கிற இன்னொரு புரதம் அதை நகரவிடாமல் பிடித்து வைத்திருக்கும். செல்லுக்குத் தூண்டல் வந்ததும் பிடித்து வைத்திருந்த புரதம் சில நிமிடங்களில் சிதைக்கப்படுகிறது. விடுபட்ட என்.எஃப். கப்பா பி உட்கருவுக்குள் போய், டி.என்.ஏ.வில் பத்து எழுத்து கொண்ட ஒரு குறிப்பிட்ட வரிசையைத் தேடி உட்காருகிறது. அது உட்கார்ந்த இடத்துக்குப் பக்கத்து மரபணு வேலை செய்ய ஆரம்பிக்கிறது. செல்லைப் பெருகச் சொல்லும் இன்டர்லூக்கின்-2 மரபணுவுக்கு முன்னால் அப்படி ஓர் இடம் உண்டு.

எச்.ஐ.வி.யின் டி.என்.ஏ.வுக்கு முன்னாலும் உண்டு! ஜி ஜி ஜி ஏ சி டி டி டி சி சி என்ற அந்த வரிசை, எச்.ஐ.வி.யின் பல வகைகளில் வைரஸ் டி.என்.ஏ.வின் முனையில் அடுத்தடுத்து இரண்டு முறை எழுதப்பட்டிருக்கிறது. தெருவில் போகிற மின்கம்பியில் கொக்கி போட்டுத் திருட்டுக் கரண்ட் எடுப்பது போலத்தான் இது. செல் தன் தேவைக்கு லைனைப் போட்டால் வைரஸுக்கும் சேர்த்து எரியும். கிருமியை எதிர்க்க உடல் எந்தச் செல்லைக் கிளப்புகிறதோ, அந்தக் கிளப்பலையே வைரஸ் தன்னைப் படியெடுக்கும் கட்டளையாக ஆக்கிக்கொண்டுவிட்டது. இதைவிடக் கெட்டிக்காரத்தனமான ஒட்டுண்ணி வேலையை நான் படித்ததில்லை.

நம் நாட்டில் பெரும்பாலும் காணப்படும் சி வகை எச்.ஐ.வி.யில் பொதுவாக இந்த இடங்கள் மூன்று இருக்கின்றன. நான்கு உள்ள வகைகளும் இந்தியாவில் பெருகி வருவதை பெங்களூரு ஜவாஹர்லால் நேரு உயர் அறிவியல் ஆய்வு மையத்தில் உதயகுமார் ரங்காவின் குழு 2012-இல் எடுத்துக் காட்டியது. கொக்கி கூடினால் வைரஸ் உற்பத்தியும் கூடுகிறது.

இந்த என்.எஃப். கப்பா பி கண்டுபிடிக்கப்பட்ட கதையில் ஆராய்ச்சிக்குப் பணம் ஒதுக்குகிறவர்கள் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. 1986-இல் ரஞ்சன் சென்னும் டேவிட் பால்டிமோரும் தேடியது எய்ட்ஸுக்கு மருந்து அல்ல. பி செல்கள் என்ற வெள்ளை அணுக்களில், ஆன்டிபாடிக்கான (கிருமியைப் பிடிக்கும் புரதத்துக்கான) ஒரு மரபணு எப்படி இயங்கத் தொடங்குகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். அடுத்த ஆண்டே கேரி நேபலும் பால்டிமோரும் அதே புரதம் எச்.ஐ.வி.யை இயக்குவதைக் கண்டார்கள். "இந்த ஆய்வால் உடனடிப் பயன் என்ன?" என்று விண்ணப்பத்தில் ஒரு கட்டம் போட்டு வைத்திருக்கும் நிதி நிறுவனங்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சல்தான் வருகிறது. 1986-இல் அந்தக் கட்டத்தில் அவர்கள் எய்ட்ஸ் என்று எழுதியிருக்க முடியாது.

விஷயத்துக்கு வருவோம். 1996-இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வு ஒன்றில், எச்.ஐ.வி. தொற்றுள்ளவர்களுக்கு டெட்டனஸ் பூஸ்டர் போட்டு இரத்தத்தைச் சோதித்தார்கள். வைரஸ் அளவு ஏறியது. சில வாரங்களில் பழைய இடத்துக்கே இறங்கியது. கூட்டு மருந்து சிகிச்சை பரவலாக வருவதற்கு முந்தைய காலம் அது. அந்த நண்பர் பேசுகிற பயம் அங்கிருந்து வந்ததாகத்தான் இருக்க வேண்டும்.

இன்று மாத்திரை எடுப்பவருக்கு நடப்பதே வேறு. கிளம்பிய செல் சில வைரஸ்களை வெளியே விடலாம். ஆனால் அவை அடுத்த செல்லுக்குள் போய் டி.என்.ஏ.வாக மாறுவதை மாத்திரையில் உள்ள டெனோபோவிரும் லாமிவுடினும் தடுக்கின்றன. அதைத் தாண்டினாலும் செல்லின் டி.என்.ஏ.வில் செருகிக்கொள்வதை டோலுடெக்ராவிர் தடுக்கிறது. வைரஸை உற்பத்தி செய்யும் செல்லும் பெரும்பாலும் ஓரிரு நாளில் செத்துவிடும். அதனால் சங்கிலி அங்கேயே அறுந்துபோகிறது. வைரல் லோடு ஏறினாலும் மிகச் சிறிதாக, கொஞ்ச காலம்தான். ஊசி போட்ட நான்கு வாரத்துக்குள் வைரல் லோடு பரிசோதனை வராதபடி பார்த்துக்கொண்டால் வீண் கலவரம் மிச்சம்.

இன்னொன்று. உண்மையான ஃப்ளூவோ காசநோயோ வந்தாலும் இதே செல்கள்தான் கிளம்பும், இதே லைன்தான் எரியும், அதுவும் ஊசியைவிடப் பலமாக, பல நாள். ஊசிக்குப் பயந்து நோயை வரவிடுவதில் கணக்கு எந்தப் பக்கம் பார்த்தாலும் இடிக்கிறது.

நியாயமாகப் பயப்பட வேண்டிய இடம் வேறு. வலுக்குறைத்த, ஆனால் உயிருள்ள கிருமியைக் கொண்ட தடுப்பூசிகள் சில உண்டு: தட்டம்மை-பொன்னுக்கு வீங்கி-ரூபெல்லா ஊசி, சின்னம்மை ஊசி, மஞ்சள் காய்ச்சல் ஊசி, காசநோய்க்கான பி.சி.ஜி. ஆகியவை. சிடி4 மிகக் குறைந்தவர் உடலில் இந்தக் கிருமி அடங்காமல் பெருகலாம். 1984-இல் அமெரிக்க ராணுவத்தில் சேர்ந்த இளைஞர் ஒருவருக்கு வழக்கம்போல் பெரியம்மை ஊசி போட்டார்கள். அவருக்கு எச்.ஐ.வி. இருந்தது யாருக்கும் தெரியாது, தெரிந்துகொள்ளப் பரிசோதனையே அப்போது புழக்கத்தில் இல்லை. ஊசியில் இருந்த வாக்சினியா வைரஸ் உடலெங்கும் பரவிவிட்டது. பி.சி.ஜி. விஷயத்தில் உலக சுகாதார நிறுவனம் 2007-இல், எச்.ஐ.வி. தொற்று உறுதியான குழந்தைகளுக்கு அதைப் போட வேண்டாம் என்றது. பிறகு 2018-இல், மருந்து எடுத்து உடல்நிலை சீரான குழந்தைகளுக்குப் போடலாம் என்று தளர்த்தியது.

இந்தச் சிக்கலுக்கு ஓர் அழகான தீர்வும் இருக்கிறது. வாக்சினியா வைரஸைக் கோழிக் கருவின் செல்களில் 500 தடவைக்கு மேல் வளர்த்து வளர்த்து ஜெர்மனியில் எம்.வி.ஏ. என்றொரு வகையை உருவாக்கினார்கள். கோழிச் செல்லுக்கே பழகிப்போன அந்த வைரஸ், மனிதச் செல்லுக்குள் நுழையும், புரதம் செய்யும், ஆனால் புதிய வைரஸாகப் பெருகத் தெரியாது. 2022-இல் குரங்கம்மை பரவியபோது எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கும் தயங்காமல் போடப்பட்டது இதுதான்.

மற்ற உயிருள்ள ஊசிகளுக்குப் பொது விதி: பெரியவர்களுக்கு சிடி4 200-க்குக் கீழே என்றால் கூடாது. ஆறு மாதமாவது அதற்கு மேலே நிலையாக இருந்தால் தட்டம்மை ஊசி போடலாம், எதிர்ப்பாற்றல் இல்லாதவர்கள் போடவும் வேண்டும். மஞ்சள் காய்ச்சல் ஊசி கட்டாயமான ஆப்பிரிக்க நாடுகளுக்கு வேலைக்குப் போகிறவர்கள், ஊசி மையத்துக்குப் போகும் முன் ஏ.ஆர்.டி. மருத்துவரைப் பார்ப்பது நல்லது. உடல்நிலை காரணமாக ஊசி கூடாது என்று மருத்துவர் சான்றிதழ் தருவதற்குச் சர்வதேச விதிகளில் இடமிருக்கிறது. ஆனால் அதை ஏற்பதா என்பது போய் இறங்கும் நாட்டின் கையில்.

ஃப்ளூ, நிமோனியா, ஹெபடைடிஸ் பி, எச்.பி.வி. ஊசிகளில் உயிருள்ள கிருமி இல்லை. ஃப்ளூவுக்கு மட்டும் மூக்கில் அடிக்கும் ஸ்பிரே வேண்டாம், அது உயிருள்ள வகை. ஊசிக்கு வரிசையில் நிற்கும்போது எச்.ஐ.வி. இருப்பதை எல்லோர் முன்னாலும் சொல்லியாக வேண்டிய அவசியம் எதுவும் இல்லை. சம்மதமில்லாமல் அதை வெளியே சொல்வதை 2017-ஆம் ஆண்டு எச்.ஐ.வி.-எய்ட்ஸ் சட்டம் தடுக்கிறது.

இந்த ஊசிகளில் எச்.ஐ.வி. உள்ளவருக்கென்று தனி ஆபத்து எதுவும் இல்லை, பலன் குறைவதுதான் பிரச்சினை. ஹெபடைடிஸ் பி ஊசியை இரட்டை அளவில் போடுவதும், கடைசி ஊசிக்கு ஒன்றிரண்டு மாதம் கழித்து ஆன்டிபாடி அளவு பாதுகாப்புக்குத் தேவையான 10-ஐ (mIU/mL) எட்டிவிட்டதா என்று பார்ப்பதும் அதனால்தான். 2004 முதல் மாத்திரையை இலவசமாகத் தரும் அரசு, பெரியவர்களுக்கான இந்த ஊசிகளையும் அதே கவுண்டரில் தரலாம் என்பது என் கருத்து.

நாய்க்கடி ஊசிக்கு மட்டும் யோசிக்கவே கூடாது. அதில் இருப்பது செத்த வைரஸ், சிடி4 எவ்வளவு இருந்தாலும் போடலாம். சிடி4 குறைவாக இருப்பவர்கள், லேசான கீறல்தானே என்று விடாமல் மருத்துவரிடம் எச்.ஐ.வி. பற்றிச் சொல்லிவிட வேண்டும். மற்றவர்களுக்கு ஊசி மட்டும் போதும் என்கிற காயத்துக்கும் இவர்களுக்கு இம்யூனோகுளோபுலினும் (தயார் நிலையிலுள்ள ஆன்டிபாடி) சேர்த்துப் போட வேண்டியிருக்கும்.