நாக்கைத் தாண்டிய பிறகு செயற்கை இனிப்பு எங்கே போகிறது?

பெர்லினில் உள்ள சாரிடே மருத்துவமனை மருத்துவர்களிடம் 21 வயதுப் பெண் ஒருவர் வந்தார். எட்டு மாதமாக வயிற்றுப்போக்கு, ஒரு நாளைக்கு நான்கு முதல் பன்னிரண்டு தடவை. கூடவே வயிற்றுவலி. உடல் எடை 11 கிலோ குறைந்து 40.8 கிலோவுக்கு வந்திருந்தது. எத்தனையோ பரிசோதனைகள் செய்தும் காரணம் பிடிபடவில்லை. கடைசியில் என்னென்ன சாப்பிடுகிறார் என்று துருவிக் கேட்டபோதுதான் தெரிந்தது, அவர் நாள் முழுக்கச் சர்க்கரை இல்லாத சூயிங்கம் மென்றுகொண்டே இருந்தார். ஒரு துண்டில் சுமார் 1.25 கிராம் சார்பிட்டால் என்ற இனிப்புப் பொருள் இருக்கிறது. கணக்குப் போட்டால் தினமும் 18 முதல் 20 கிராம் வரை உள்ளே போயிருக்கிறது. அதை நிறுத்தியதும் வயிற்றுப்போக்கு நின்றது, போன எடையில் ஏழு கிலோ திரும்பி வந்தது. 2008இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் இந்தச் சம்பவத்தை மருத்துவர்கள் எழுதினார்கள். அதே கட்டுரையில் 22 கிலோ எடை இழந்த 46 வயது ஆண் ஒருவரும் வருகிறார். அவருக்கும் காரணம் அதேதான்.

சார்பிட்டால் விஷமல்ல. பேரிக்காயிலும் பிளம்ஸ் பழத்திலும் இயற்கையாகவே இருக்கிறது. அப்புறம் எப்படி ஓர் இளம்பெண்ணை இந்த நிலைக்குக் கொண்டுவந்தது? சர்க்கரையை உறிஞ்சிக்கொள்ளச் சிறுகுடல் சுவரில் தனி வாசல்கள் இருக்கின்றன. சார்பிட்டாலுக்கு அப்படி ஒன்று கிடையாது. கொஞ்சம் மெதுவாகக் கசிந்து உள்ளே போகும், மிச்சம் குடலிலேயே தங்கிவிடும். மாங்காய்த் துண்டில் உப்பைப் பிசறி வைத்தால் சிறிது நேரத்தில் நீர் விட்டுக்கொள்ளும் அல்லவா? அதே மாதிரி, தங்கிய சார்பிட்டால் உடம்பிலிருந்து குடலுக்குள் நீரை இழுக்கிறது. பெருங்குடலுக்குப் போனதும் அங்கிருக்கும் பாக்டீரியாக்கள் அதை நொதிக்க வைக்கின்றன. அதில்தான் வாயு, உப்புசம், வலி எல்லாம் வருகின்றன. ஒரு துண்டு சூயிங்கத்தில் இது எதுவும் தெரியாது. பதினைந்தைத் தாண்டும்போது பலருக்குத் தெரியும்.

இந்தக் கதையோடு நான் தொடங்கியதற்குக் காரணம் இருக்கிறது. 'செயற்கை இனிப்பு கெடுதலா?' என்ற கேள்வியை எங்கள் வீட்டிலேயே பல தடவை கேட்டிருக்கிறேன். அப்பாவின் காபி டபராவுக்குப் பக்கத்தில் எப்போதும் அந்தக் குட்டி மாத்திரை டப்பா இருக்கும். படிக்கப் படிக்க, கேள்வியே சரியில்லை என்று தோன்றியது. சாக்கரின், அஸ்பார்டேம், சுக்ரலோஸ், சார்பிட்டால், எரித்ரிட்டால் என்று நாம் ஒரே கூடையில் போடும் இந்தப் பொருள்களுக்கிடையே உள்ள ஒற்றுமை நாக்கோடு முடிந்துவிடுகிறது. நாக்கில் இனிப்பை உணரும் ஏற்பி ஒன்றுதான், இரண்டு புரதங்கள் சேர்ந்து உருவானது. சர்க்கரையும் இவையும் அந்த ஒரே பூட்டில்தான் உட்காருகின்றன. தொண்டைக்குக் கீழே ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு பாதை. ஒன்று நிறையப் போனால் எங்கே வினை செய்யும் என்பதை அந்தப் பாதைதான் பெரும்பாலும் தீர்மானிக்கிறது.

சாக்கரினை எடுத்துக்கொள்வோம். 1879இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக ஆய்வகத்தில் நிலக்கரித் தார்ப் பொருள்களோடு வேலை செய்த கான்ஸ்டன்டின் ஃபால்பெர்க், சாப்பிடும்போது கையெல்லாம் தித்தித்ததால் அதைக் கண்டுபிடித்தார். இதில் பெரும்பகுதி குடலிலேயே ரத்தத்துக்குள் போய், எந்த மாற்றமும் அடையாமல் சிறுநீரில் வெளியேறிவிடுகிறது. எனவே அதிக அளவில் கொடுத்தால் பாதிப்பு சிறுநீர்ப்பையில் தெரிய வேண்டும். 1970களில் எலிகளில் அதுதான் நடந்தது. நிறையச் சாக்கரின் தின்ற ஆண் எலிகளுக்குச் சிறுநீர்ப்பையில் புற்றுநோய் வந்தது. 1977இல் அமெரிக்காவில் தடை செய்யப் பார்த்தார்கள், அங்கே நாடாளுமன்றம் தலையிட்டு எச்சரிக்கை வாசகத்தோடு விற்கவிட்டது. எலியில் நடந்தது என்ன என்பது பின்னால் புரிந்தது. ஆண் எலியின் சிறுநீரில் புரதமும் கால்சியம் பாஸ்பேட்டும் அதிகம். அதோடு ஏராளமான சாக்கரின் சேரும்போது நுண்ணிய படிகங்கள் உருவாகிச் சிறுநீர்ப்பையின் உட்சுவரைக் கீறுகின்றன. கீறல் ஆற செல்கள் திரும்பத் திரும்பப் பெருகுகின்றன, புற்றுக்கு அது வழிவிடுகிறது. மனிதச் சிறுநீரில் அந்தப் படிகங்கள் அப்படி உருவாவதில்லை. 2000ஆம் ஆண்டில் அமெரிக்கா சாக்கரினைப் புற்றுநோய்ப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது.

அஸ்பார்டேமின் பாதை நேர் எதிர். அது முழுசாக எங்கேயும் போய்ச் சேர்வதே இல்லை. சிறுகுடலிலேயே ஃபினைல்அலனின், அஸ்பார்டிக் அமிலம், கொஞ்சம் மெத்தனால் என்று மூன்றாக உடைந்துவிடுகிறது. மெத்தனால் என்றதும் கள்ளச்சாராயச் சாவுகள் நினைவுக்கு வந்து நமக்குப் பதறும். ஆனால் எடையில் பத்தில் ஒரு பங்குதான் மெத்தனால். 200 மில்லிகிராம் அஸ்பார்டேம் உள்ள ஒரு கேன் டயட் பானத்திலிருந்து 20 மில்லிகிராம் வரும். அதே அளவு தக்காளிச் சாறு இதைவிட அதிகம் தரக்கூடும். உண்மையான ஆபத்து ஃபினைல்கீட்டோனூரியா என்ற பிறவிக் குறைபாடு உள்ளவர்களுக்குத்தான். அவர்களால் ஃபினைல்அலனினைச் செரிக்க முடியாது, அது சேர்ந்துபோனால் மூளையைப் பாதிக்கும்.

2023 ஜூலையில் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை அஸ்பார்டேமை '2பி' பிரிவில், அதாவது 'புற்றுநோய் உண்டாக்கச் சாத்தியமுள்ளது' என்று வகைப்படுத்தியது. எல்லாச் செய்திகளிலும் அது வந்தது. அதே நாளில் இன்னொரு நிபுணர் குழு, ஒரு கிலோ உடல் எடைக்கு நாளொன்றுக்கு 40 மில்லிகிராம் என்ற பழைய வரம்பே போதும் என்று சொன்னது, அது அவ்வளவாகக் காதில் விழவில்லை. இரண்டும் முரண் அல்ல. முதல் குழு 'ஆபத்துக்கு ஆதாரம் உண்டா' என்று பார்க்கிறது, இரண்டாவது 'எவ்வளவு வரை பரவாயில்லை' என்று பார்க்கிறது. 60 கிலோ எடையுள்ளவருக்கு அந்த வரம்பு 2,400 மில்லிகிராம், கிட்டத்தட்ட 12 கேன். 20 கிலோ எடையுள்ள ஒரு குழந்தைக்கு நான்கே கேன். எனக்குக் கவலை தருவது இந்த இரண்டாவது கணக்குதான். வரம்பு கிலோவுக்குக் கிலோ குறைகிறது, கேனின் அளவு குறைவதில்லை.

சுக்ரலோஸ் இன்னொரு வழி. சர்க்கரை மூலக்கூறில் மூன்று இடங்களில் குளோரின் அணுவை வைத்துச் செய்தது. சர்க்கரையைவிடச் சுமார் 600 மடங்கு இனிப்பு, ஆனால் நம் உடம்பால் அதை உடைக்க முடியாது. சுமார் 85 சதவீதம் உறிஞ்சப்படாமல் பெருங்குடல் வழியாக அப்படியே வெளியேறுகிறது. கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையங்களாலும் அதை எளிதில் சிதைக்க முடிவதில்லை. ஓர் ஆற்றில் வீட்டுக் கழிவுநீர் கலந்திருக்கிறதா என்று பார்க்க, சுக்ரலோஸ் இருக்கிறதா என்று தேடும் அளவுக்கு அது உறுதியானது.

பெருங்குடலில் கோடிக்கணக்கான பாக்டீரியாக்கள் இருக்கின்றன. தினம் தினம் இந்த விருந்தாளி வந்து போனால் அவை சும்மா இருக்குமா? இஸ்ரேலின் வைஸ்மன் ஆய்வு நிறுவனத்தில் எரான் எலினாவ் குழுவினர் இதைத்தான் கேட்டார்கள். 2022இல் இவ்வகை இனிப்புகளைத் தவிர்த்துவந்த 120 பேரைச் சேர்த்துக்கொண்டு, சில குழுக்களுக்குச் சாக்கரின், சுக்ரலோஸ், அஸ்பார்டேம், ஸ்டீவியா (சீனித்துளசி) ஆகியவற்றில் ஒன்றை இரண்டு வாரம் கொடுத்தார்கள். எல்லாமே குடல் பாக்டீரியாக்களில் மாற்றம் செய்தன. சாக்கரினும் சுக்ரலோஸும் மட்டும், குளுக்கோஸ் குடித்த பிறகு ரத்தச் சர்க்கரை ஏறும் அளவையும் கூட்டின. அதுவும் எல்லோருக்கும் ஒரே மாதிரி இல்லை. யாருடைய குடலில் எந்தப் பாக்டீரியா குடியிருக்கிறது என்பதைப் பொறுத்தது. சர்க்கரை ஏறக் கூடாது என்று எடுத்துக்கொள்ளும் பொருளே சிலருக்குச் சர்க்கரையைக் கையாளும் திறனைக் குறைக்கலாம் என்பது லேசான விஷயமல்ல. இரண்டு வாரத்தில் இவ்வளவு என்றால், பத்து வருடம் தினமும் சாப்பிட்டால் என்ன ஆகும் என்பதை இந்தச் சோதனை சொல்லாது.

எரித்ரிட்டாலின் பாதை எனக்கு மிகவும் ஆச்சரியமாக இருந்தது. இது சார்பிட்டாலின் சொந்தக்காரன், ஆனால் மூலக்கூறு சிறியது. அதனால் பெரும்பகுதி சிறுகுடலிலேயே ரத்தத்துக்குள் போய்விடும், வயிற்றை அவ்வளவாகக் கலக்காது. மாவுச்சத்தை மிகவும் குறைத்துச் சாப்பிடும் கீட்டோ உணவுக்காரர்கள் விரும்பி வாங்குவதற்கு இதுவும் ஒரு காரணம். ஆனால் வயிறு தப்பித்தால் ரத்தம் மாட்டிக்கொள்கிறது. 30 கிராம் கலந்த பானத்தைக் குடித்தவர்களின் ரத்தத்தில் எரித்ரிட்டால் அளவு ஆயிரம் மடங்குக்கு மேல் ஏறி, இரண்டு நாளுக்கு மேல் உயர்ந்தே இருந்ததை 2023இல் அமெரிக்காவின் கிளீவ்லாந்து கிளினிக் ஆய்வாளர்கள் கண்டார்கள். ரத்தத்தை உறைய வைக்கும் தட்டணுக்கள் அந்த அளவில் எளிதாகத் தூண்டப்பட்டன. அடுத்த வருடம் இருபது ஆரோக்கியமானவர்களிடம் 30 கிராம் குளுக்கோஸோடு ஒப்பிட்டுப் பார்த்தபோதும் எரித்ரிட்டால் குடித்தவர்களிடமே இந்த மாற்றம் தெரிந்தது. இதனால் மாரடைப்பு வரும் என்று நிரூபணமாகிவிடவில்லை. இருந்தாலும் ஏற்கெனவே இதய நோய் உள்ளவர்கள் இதைக் கிராம் கணக்கில் சாப்பிடுவதை நான் நல்ல யோசனையாக நினைக்கவில்லை.

எடை குறைக்கவென்று சாக்கரின், அஸ்பார்டேம், சுக்ரலோஸ் போன்றவற்றைச் சாப்பிட வேண்டாம் என்று 2023 மே மாதம் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்தது. சில மாதச் சோதனைகளில் எடை கொஞ்சம் குறைகிறது. பல வருடம் பின்தொடர்ந்த ஆய்வுகளில் அந்தப் பலன் தெரியவில்லை. மாறாக, அதிகம் சாப்பிடுபவர்களிடம் சர்க்கரை நோயும் இதய நோயும் கூடுதலாகத் தென்பட்டன. ஏற்கெனவே எடை கூடியவர்கள்தானே இவற்றை நாடுகிறார்கள் என்ற நியாயமான மறுப்பும் உண்டு, அதனால்தான் அந்தப் பரிந்துரை நிபந்தனையோடு வந்தது. ஏற்கெனவே சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு அது பொருந்தாது என்றும் அதிலேயே எழுதியிருக்கிறது.

அப்படிப்பட்டவர்களிடம் செய்த ஓர் ஆய்வு நமக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. சென்னையின் மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி நிலையம், சர்க்கரை நோயாளிகளின் காபி, டீயில் சர்க்கரைக்குப் பதில் சுக்ரலோஸைப் போடச் சொல்லி 12 வாரம் பார்த்தது. 179 பேரின் முடிவுகள் 2024இல் வெளியாயின. மூன்று மாதச் சராசரி ரத்தச் சர்க்கரை அளவில் பாதகமும் இல்லை, சாதகமும் இல்லை. எடை மிகக் கொஞ்சம், கிலோவில் மூன்றில் ஒரு பங்கு அளவு குறைந்தது. காலையிலும் மாலையிலும் காபிக்கு ஒரு மாத்திரை என்ற அளவுக்கு இது ஆறுதலான செய்தி. அப்பாவின் டப்பாவை நான் எடுத்து ஒளித்துவைக்கவில்லை. தினமும் இரண்டு லிட்டர் டயட் பானம் குடிப்பவருக்கோ, சுகர் ஃப்ரீ என்று எழுதியிருக்கிறதே என்று அரைக் கிலோ மைசூர்பாகு வாங்குபவருக்கோ இந்த ஆய்வு எதுவும் சொல்லவில்லை. அந்த மைசூர்பாகில் கடலை மாவும் நெய்யும் குறையாமல்தான் இருக்கின்றன.

எது எந்தப் பாதை என்று தெரிந்துகொள்ள, பாக்கெட்டின் பின்பக்கம் பொடி எழுத்தில் இருக்கும் எண்ணைப் பாருங்கள். 420 சார்பிட்டால், 965 அதன் சொந்தக்காரனான மால்டிட்டால்: இரண்டும் அளவு மீறினால் வயிற்றைக் கலக்கும். 968 எரித்ரிட்டால். 951 அஸ்பார்டேம், 954 சாக்கரின், 955 சுக்ரலோஸ். காரணம் தெரியாத வயிற்றுப்போக்கோ உப்புசமோ பல வாரமாக இருந்து மருத்துவரிடம் போகிறீர்களென்றால், மென்ற சூயிங்கத்தையும் சப்பிய மிட்டாயையும் சேர்த்துச் சொல்லுங்கள். பெர்லினில் அந்தப் பெண்ணிடம் அதை யாரும் கேட்காமலே எட்டு மாதம் போனது.