சாண்ட்பாக்ஸ்: ஒழுங்குமுறைச் சோதனைக்களம்

ஏஐ சட்டம் பற்றிய செய்திகளில் ‘ரெகுலேட்டரி சாண்ட்பாக்ஸ்’ அடிக்கடி தலைகாட்டுகிறது. புதிய ஏஐ அமைப்பைச் சந்தையில் இறக்குமுன், ஒழுங்குமுறை ஆணையத்தின் மேற்பார்வையில் குறித்த காலத்துக்குச் சோதித்துப் பார்க்கும் ஏற்பாடு இது.

சாண்ட்பாக்ஸ் என்பது குழந்தைகள் விளையாடும் மணல்தொட்டி. நம்பகமில்லாத நிரலை மற்றக் கோப்புகளைத் தொடவிடாமல் தனியே இயக்கும் சூழலுக்குக் கணினித் துறையினர் இந்தப் பெயரை வைத்தார்கள். நிதித்துறை அதைக் கடன் வாங்கியது: பிரிட்டனின் நிதி நடத்தை ஆணையம் 2016-இல் ஒன்றைத் திறந்தது, இந்திய ரிசர்வ் வங்கி 2019-இல் அதற்கான நெறிமுறையை வெளியிட்டது.

குழப்பம் இங்கேதான் தொடங்குகிறது. ரிசர்வ் வங்கியின் ஏற்பாட்டில் சில விதிகளுக்குத் தற்காலிகத் தளர்வு கிடைக்கலாம். வாடிக்கையாளர் அடையாளச் சரிபார்ப்புக்கும் தரவுப் பாதுகாப்புக்கும் கிடைக்காது. இதை மனத்தில் வைத்துக்கொண்டு சிலர் சாண்ட்பாக்ஸ் என்றாலே சட்டவிலக்கு என்று எழுதிவிடுகிறார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2024 ஏஐ சட்டத்துக்கு அது பொருந்தாது. அதன் 57-ஆம் பிரிவுப்படி, நிறுவனமும் ஆணையமும் முதலில் ஒரு திட்டத்தை ஒப்புக்கொள்ள வேண்டும்: எதைச் சோதிக்கிறோம், எவ்வளவு காலம், என்ன நிபந்தனை. அந்தத் திட்டத்தையும் ஆணையத்தின் வழிகாட்டலையும் நேர்மையாகப் பின்பற்றினால் விதிமீறலுக்கு அபராதம் வராது. ஆனால் சோதனையில் மூன்றாம் நபருக்குப் பாதிப்பு நேர்ந்தால் நிறுவனமே பொறுப்பு. ஆபத்தைக் குறைக்க வழியில்லை என்று தெரிந்தால் ஆணையம் சோதனையை நிறுத்தலாம். முடிவில் தரப்படும் அறிக்கை, பின்னர் வரும் இணக்க மதிப்பீட்டில், அதாவது அமைப்பு சட்டத்துக்கு இணங்குகிறதா என்று பார்க்கும் கட்டத்தில், கைகொடுக்கும். அதுவே தகுதிச் சான்றிதழ் ஆகிவிடாது.

தமிழில் என்ன சொல்வது? ‘ஒழுங்குமுறை மணற்பெட்டி’ சொல்லுக்குச் சொல் பெயர்த்தது. படிப்பவருக்கு ஒன்றும் விளங்காது. ‘பரிசோதனைக்கூடம்’ நான்கு சுவருக்குள் நடப்பதைத்தான் நினைவூட்டும். ஐரோப்பியச் சட்டமோ மேற்பார்வையோடு நடைமுறைச் சூழலில் சோதிக்கவும் இடம் தருகிறது. ‘களம்’ பொருத்தம்: நெற்களம், போர்க்களம் போல, எல்லைக்குட்பட்டு உண்மையான வேலை நடக்கும் இடம். வெறும் ‘சோதனைக்களம்’ தொழில்நுட்பத்தைச் சோதிக்கும் தளங்களையும் குறிப்பதால், முதல் முறை எழுதும்போது ‘ஒழுங்குமுறைச் சோதனைக்களம்’ என்று முழுமையாக எழுதுவது நல்லது, பிறகு சுருக்கிக்கொள்ளலாம். கணினித் துறைப் பொருளுக்கு இது ஒத்துவராது; அதற்குத் ‘தனிமைச் சூழல்’ போதும்.

வாக்கியத்தில்: ‘மருத்துவ ஏஐ செயலியை ஒழுங்குமுறைச் சோதனைக்களத்தில் ஆறு மாதம் சோதிக்க அனுமதி கிடைத்தது.’