முறுக்கினால் கசிவு நிற்காது

"இன்னும் கொஞ்சம் முறுக்குங்கள், நின்றுவிடும்." குழாய் வேலையில் நான் அதிகம் கேட்ட பேச்சு இதுதான். வீட்டுக்காரரும் சொல்வார், உதவிக்கு வரும் பையனும் சொல்வான். தொழில் கற்றுக்கொண்ட காலத்தில் நானும் சொல்லியிருக்கிறேன். முறுக்கியதாலேயே உடைந்த இணைப்புகளை எத்தனையோ முறை மாற்றிய பிறகுதான் வாயை மூடினேன்.

ஒரு வீட்டில் படுக்கையறைச் சுவரின் பெயிண்ட் கொப்பளித்து உதிர்ந்துகொண்டிருந்தது. இரண்டு முறை பெயிண்ட் அடித்துப் பார்த்துவிட்டுத்தான் என்னைக் கூப்பிட்டார்கள். சுவருக்கு மறுபுறம் குளியலறை. டைல்ஸை உடைத்துப் பார்த்தால், தண்ணீர் திறக்கும் குழாய் திருகியிருந்த எல்போவின் (முழங்கைபோல் வளைந்த இணைப்பின்) வாயில் தலைமுடி அளவுக்கு ஒரு விரிசல். விரலால் துடைத்தால் ஈரம். சற்றுப் பொறுத்தால் ஒரு முத்து. அந்த எல்போ முழுக்கப் பிளாஸ்டிக். அதன் உள்மரையில், அதாவது உட்புறத் திருகுப் புரியில், பித்தளைக் குழாயை, டெஃப்லான் டேப் என்ற மெல்லிய நாடாவைத் தடிமனாகச் சுற்றி, ரெஞ்ச் போட்டு இறுக்கியிருந்தார்கள். மரம் பிளக்க ஆப்பு அடிப்பதும் இதுவும் ஒன்றுதான். ஆனால் அன்றே பிளந்துவிடாது. மாதக்கணக்கில் தாங்கிக்கொண்டிருந்து, எல்லோரும் மறந்த பிறகு விட்டுக்கொடுக்கும். குழாய் திருகும் இடத்தில் எப்போதும் பித்தளை மரை பதித்த எல்போவையே போடுங்கள். விலை கூடுதல்தான், சுவரை உடைத்துக் கட்டும் செலவோடு ஒப்பிட்டால் ஒன்றுமில்லை.

ஒவ்வொரு இணைப்பிலும் தண்ணீரை நிறுத்துவது எது என்று முதலில் பாருங்கள். மரை இணைப்பில் அந்த வேலையை டேப் செய்கிறது. மரையின் முனை நம்மைப் பார்த்திருக்க, கடிகார முள் சுற்றும் திசையில் டேப்பை இழுத்துப் பிடித்துச் சுற்ற வேண்டும். மாற்றிச் சுற்றினால் திருகும்போதே சுருண்டு வெளியே வந்துவிடும். மெல்லிய டேப் என்றால் நான்கைந்து சுற்று போதும். முதல் மரையை மட்டும் விட்டுவிடுங்கள். அங்கே சுற்றிய டேப் கிழிந்து உள்ளே போய் ஷவர் துளையை அடைத்துக்கொள்ளும்.

கைகழுவும் தொட்டிக்கு அடியில் வரும் வளையும் இணைப்புக் குழாயில் கதை வேறு. அதன் நட்டுக்குள் இருக்கும் ரப்பர் வாஷர்தான் தண்ணீரை நிறுத்துகிறது, மரை அதை அழுத்திப் பிடிக்க மட்டுமே. அங்கே டேப் தேவையில்லை. சுற்றினால் வாஷர் சரியாக அமராமல் போவதும் உண்டு. கையால் இறுகும்வரை திருகி, ஸ்பேனரால் கால் சுற்று. அவ்வளவுதான். அப்போதும் சொட்டினால் வாஷரை மாற்றுங்கள். முறுக்கிக்கொண்டே போனால் வாஷர் பிதுங்கும், பிளாஸ்டிக் நட்டாக இருந்தால் ஒருநாள் வெடிக்கும். அது பெரும்பாலும் வீட்டில் யாரும் இல்லாத நேரமாகத்தான் இருக்கும்.

வெந்நீர் தாங்கும் பிளாஸ்டிக்கான சிபிவிசி குழாயை ஒட்டும் சொல்யூஷனைப் பலரும் பசை என்று நினைக்கிறார்கள். அது பசை அல்ல. குழாயின் வெளிப்பரப்பையும் இணைப்பின் உட்பரப்பையும் இளக்கி, இரண்டையும் ஒன்றாக உருக வைக்கிறது. நடுவில் ஈரமோ தூசியோ இருந்தால் அந்த இடம் சேராது. கசிந்த இணைப்புகளை நீளவாக்கில் அறுத்துப் பார்ப்பது என் வழக்கம். ஒன்றில் குழாய் பாதி ஆழத்துக்குத்தான் போயிருந்தது. இன்னொன்றில் அடிப்பக்கம் சொல்யூஷனே படவில்லை. நேராக வெட்டி, பிசிறை நீக்கி, துணியால் துடைத்து, குழாயில் தாராளமாகவும் இணைப்பின் உள்ளே மெல்லியதாகவும் பூச வேண்டும். கால் சுற்றுத் திருப்பியபடி அடிவரை தள்ளி, அரை நிமிடம் விடாமல் பிடித்திருக்க வேண்டும். அந்த அரை நிமிடத்துக்குத்தான் யாருக்கும் பொறுமை இல்லை. கையை எடுத்தால் குழாய் தானாகப் பின்னுக்கு நழுவும். குளிர்நீருக்கான யுபிவிசி குழாயின் சொல்யூஷனைச் சிபிவிசிக்கு வைத்து ஒப்பேற்றவும் கூடாது.

வெந்நீர்க் குழாய்க்கு இன்னொரு தொல்லை: அது நீளும். 10 மீட்டர் சிபிவிசி குழாயில் வெப்பம் 40 டிகிரி உயர்ந்தால் ஏறக்குறைய 27 மில்லிமீட்டர் நீளம் கூடும். குழாயைச் சுவரோடு பிடிக்கும் கிளாம்பை இறுக்கிவிட்டால் அந்த நீட்சியெல்லாம் எல்போவின் கழுத்தில்தான் போய் முட்டும். கிளாம்புக்குள் குழாய் நகர இடம் கொடுங்கள்.

சுவரைப் பூசுவதற்கு முன் அழுத்தச் சோதனை செய்யாமல் எந்த ஒப்பந்ததாரரையும் விடாதீர்கள். ஒட்டி ஒருநாள் கழித்து, வழக்கமான அழுத்தத்தைப்போல் ஒன்றரை மடங்கு ஏற்றி, சோதனைப் பம்பின் அழுத்தம் காட்டும் முள் இறங்காமல் நிற்கிறதா என்று நீங்களே பாருங்கள்.

குடியேறிவிட்ட வீடு என்றால், இரவு மோட்டாரை நிறுத்தி, எல்லாக் குழாய்களையும் மூடி, மேல்தொட்டியின் நீர்மட்டத்தில் ஒரு கோடு போட்டுவையுங்கள். காலையில் மட்டம் இறங்கியிருந்தால் எங்கோ போகிறது. உடனே சுவரைச் சந்தேகிக்க வேண்டாம். கழிப்பறை ஃப்ளஷ் தொட்டியில் கொஞ்சம் வண்ணப்பொடியைக் கரைத்துவிட்டு அரைமணி நேரம் காத்திருங்கள். யாரும் ஃப்ளஷ் செய்யாமலே கீழே கோப்பையில் நிறம் இறங்கினால் ஃப்ளஷ் தொட்டியின் அடியில் இருக்கும் வாஷர் தேய்ந்திருக்கிறது. இதைப் பார்க்காமல் நான்கு டைல்ஸை உடைத்துவிட்டு, பிறகு வீட்டுக்காரர் முகத்தைப் பார்க்க முடியாமல் நின்றவன் நான்.