"வீக் ஆசிட்தானே சார்?"

இந்த வருடம் இதைக் கேட்பது மூன்றாவது முறை. போன வாரம் இப்படிச் சொன்ன பையனின் புறங்கையில் க்ளேஷியல் அசிட்டிக் ஆசிட், அதாவது தண்ணீர் கலக்காத அசிட்டிக் அமிலம், சிந்தியிருந்தது. கர்ச்சீப்பால் துடைத்துக்கொண்டு எஸ்டர் சோதனையைத் தொடர்ந்திருக்கிறான். சாயங்காலம் தாம்பரம் ரயிலில் எரிய ஆரம்பித்து, மறுநாள் கொப்புளத்தோடு வந்து நின்றான்.

மக்குப் பையன் இல்லை. அசிட்டிக் அமிலத்தின் பிரிகை மாறிலி 1.8 × 10⁻⁵ என்று தூக்கத்திலும் சொல்வான். வம்பே அங்கேதான். தண்ணீரில் கரைத்தால் சமநிலையில் எவ்வளவு அயனிகளாகப் பிரிந்திருக்கும் என்பதற்கு மேல் அந்த எண் எதுவும் சொல்வதில்லை. 1 மோலார் (லிட்டருக்கு ஒரு மோல்) கரைசலில் ஆயிரம் மூலக்கூறுக்குச் சுமார் 4 பிரிந்திருக்கும். மீதி 996? அங்கேயேதான் இருக்கின்றன. ப்யூரெட் என்ற அளவுக் குழாயிலிருந்து காரம் விழ விழ அவையும் பிரிந்துகொண்டே வரும். அதனால்தான் ஒரே மோலாரிட்டியில் 10 மில்லி அசிட்டிக் அமிலமும் 10 மில்லி ஹைட்ரோகுளோரிக் அமிலமும் ஒரே அளவு சோடியம் ஹைட்ராக்சைடைக் குடிக்கின்றன. வாரா வாரம் டைட்ரேஷன் செய்கிறவர்களுக்கே இது உறைக்காவிட்டால் நான் யாரிடம் போய்ச் சொல்ல?

வீக் (குறைவாகப் பிரிவது) வேறு, டைல்யூட் (தண்ணீர் கலந்து நீர்த்தது) வேறு. 0.001 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தின் பிஎச் 3 (இந்த எண் குறையக் குறைய அமிலத்தன்மை கூடும்). 1 மோலார் அசிட்டிக் அமிலத்துக்கு 2.4. இப்போது எது புளிப்பு? வினிகருக்கும் க்ளேஷியலுக்கும் ஒரே அமிலம், ஒரே மாறிலி. ஆனால் க்ளேஷியல் 17 மோலாருக்கும் மேல். (16.6 டிகிரியில் பனிக்கட்டி மாதிரி உறைவதால் அந்தப் பெயர். சென்னையில் அதைப் பார்க்க ஃப்ரிட்ஜ் வேண்டும். ஸ்டாஃப் ரூம் ஃப்ரிட்ஜ் அல்ல!)

ஃபீனாலின் மாறிலி 10⁻¹⁰ அளவு. அசிட்டிக்கைவிட லட்சம் மடங்குக்கும் மேல் சிறியது. ஆனாலும் தோலைப் புண்ணாக்கி ரத்தத்திலும் ஏறும். பட்ட இடம் மரத்துப்போவதால் சிலசமயம் வலிகூடத் தெரியாது. ஹைட்ரோஃப்ளூரிக்கும் புத்தகப்படி வீக்தான். பிரியாத மூலக்கூறாகவே தோலுக்குள் இறங்கி, கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும். அதற்கு முறிவான கால்சியம் குளுக்கோனேட் ஜெல் இல்லாத லேபில் அந்தப் பாட்டிலைத் திறக்கவே கூடாது.

சரி, அமிலம் பட்டால்? ஓடும் தண்ணீரில் 20 நிமிடம். கடிகாரம் பார்த்து. நனைந்த சட்டையைக் கழற்றுங்கள், வெட்கமெல்லாம் அப்புறம். சோடா உப்பு, டூத்பேஸ்ட் எதுவும் தடவாதீர்கள். கண்ணில் பட்டாலோ, ஃபீனால், ஹைட்ரோஃப்ளூரிக் என்றாலோ கழுவிய கையோடு ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

எரிந்தாலும் எரியாவிட்டாலும் என்னிடம் வந்து சொல்லுங்கப்பா. திட்டுவேன்தான். குழாயைத் திறந்துவிட்டுத்தான் திட்டுவேன்.