பத்ரோன் மிளகாய்: ஒரே தட்டுல ஒண்ணு மட்டும் ஏன் எரியுது?

ஸ்பெயினோட வடமேற்கு மூலையில கலீசியான்னு மழை ஜாஸ்தியா பெய்யுற பகுதி ஒண்ணு இருக்கு. அங்க பத்ரோன்னு ஒரு சின்ன டவுன், அதை ஒட்டி எர்போன்னு ஒரு கிராமம். எர்போன்ல இருக்குற பிரான்சிஸ்கன் மடத்துத் துறவிகள்தான் மெக்சிகோ பக்கத்துல இருந்து இந்த விதையைக் கொண்டுவந்து போட்டாங்கன்னு சொல்வாங்க. சுண்டு விரல் அளவுக்குக் குட்டி பச்சை மிளகாய். ஆலிவ் ஆயில்ல காம்போட போட்டு வாட்டி, மேல கல்லுப்பு தூவி, காம்பைப் பிடிச்சு ஒரே கடி. புல் வாசனையோட லேசா இனிப்பா இருக்கும், அதே நெனப்புல அடுத்ததைக் கடிச்சா கண்ணுல தண்ணி வந்துரும். "பத்ரோன் மிளகாய், சிலது எரியும் சிலது எரியாது"ன்னு அந்த ஊர்ல பழமொழியே இருக்கு.

ஒரே செடியில காய்ச்சதுல எப்படி இந்த வித்தியாசம்? முக்கியமான காரணம் வயசு. காரத்துக்குக் காரணம் கேப்சைசின்ங்கிற வேதிப்பொருள். பூ பூத்து காய் புடிச்ச உடனே அது வராது, சுமார் மூணு வாரம் ஆகும்போதுதான் சேர ஆரம்பிக்கும், அப்புறம் மளமளன்னு ஏறும். பத்ரோன் மிளகாயை அதுக்கு முன்னாடியே பிஞ்சா பறிச்சிருவாங்க, ஆனா ஒரு செடியில எல்லாப் பூவும் ஒரே நாள்ல பூக்கிறதில்லயே, இலைக்கு நடுவுல ஒளிஞ்சிருந்து நாலு நாள் லேட்டா கைக்கு வந்த காய் அதுக்குள்ள காரம் ஏத்திக்கிட்டிருக்கும். வெயிலும் தண்ணிப் பற்றாக்குறையும் சேந்தா இன்னும் ஏறும், அதனாலதான் சீசன் கடைசியில வர்ற காய்ல காரம் அதிகமா மாட்டும்.

ஒரு காயை நீளவாக்குல கீறிப் பாருங்க. நடுவுல விதை ஒட்டிக்கிட்டிருக்குற வெள்ளை நரம்பு தெரியும், கேப்சைசின் உருவாகுறது அங்கதான். நாம எல்லாரும் விதையிலதான் காரம்னு சொல்லிச் சொல்லிப் பழகிட்டோம், உண்மையில விதை அந்த நரம்புல உரசி உரசி காரத்தைப் பூசிக்குது, அவ்ளோதான்.

இன்னொரு விஷயம், காரம் ஒரு சுவையே இல்ல. 43 டிகிரிக்கு மேல சூடு பட்டா மூளைக்குத் தகவல் அனுப்புற ஒரு புரதம் நாக்கு நரம்புகள்ல இருக்கு, கேப்சைசின் போய் ஒட்டுறது அதுலதான், அதனால வாய் நிஜமாவே சுடுதுன்னு மூளை நம்பிருது. அமெரிக்க விஞ்ஞானி டேவிட் ஜூலியஸோட குழு 1997ல இதைக் கண்டுபிடிச்சாங்க, 2021ல அவருக்கு நோபல் பரிசுல பங்கு கிடைச்சது. கேப்சைசின் தண்ணியில கரையாது, கொழுப்புல கரையும், அதனால எரியுறப்போ தண்ணியை விட பால், தயிர் நல்லா கேக்கும்.

இப்ப கடாய்க்கு வருவோம், எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம் இதுதான். காயைக் கழுவி ஈரம் சுத்தமா துடைச்சிருங்க, இல்லன்னா எண்ணெய் மூஞ்சியில தெறிக்கும். எண்ணெய் நல்லா காய்ஞ்சு லேசா புகையப் போற பதத்துல போடணும். போட்ட சில நொடியில தோலுக்கு அடியில இருக்குற தண்ணி ஆவியாகி தோலைத் தூக்கும், படபடன்னு சத்தத்தோட கொப்புளம் கொப்புளமா எழும்பும். அந்தக் கொப்புளத் தோல் ஈரமான சதையில இருந்து பிரிஞ்சு நிக்குறதால சீக்கிரம் காய்ஞ்சு, 100 டிகிரியைத் தாண்டி 140க்கு மேல போயி பழுப்பாகுது. சுட்ட வாசனை அங்க இருந்துதான் வருது. உள்ள சதை மட்டும் ஆவியில வெந்து மெத்துன்னு ஆயிரும்.

மொத்தத்தையும் ஒரே நேரத்துல கொட்டிட்டா எண்ணெய் சூடு இறங்கி, காய் விட்ட தண்ணியிலயே காய் வேகும். கொப்புளமும் வராது, நேரம் இழுக்க இழுக்க பச்சையத்துல இருக்குற மெக்னீசியம் கழண்டு நிறமும் மங்கிப் போகும். நாலஞ்சு நிமிஷத்துல, பச்சை மாறுறதுக்கு முன்னாடி எடுத்துரணும். உப்பு போடுறது காயை எடுத்த பிறகுதான். முன்னாடியே போட்டா காய்ல இருந்து தண்ணியை இழுத்துரும், சூட்டோட தட்டுல கொட்டி மேல தூவுனா எண்ணெய்ல ஒட்டிக்கிட்டு கரையாம நிக்கும், கடிக்குறப்போ பல்லுல நறுக்குனு படும்.